சிஎன்டி சேர்த்து பேட்டரி எலக்ட்ரோடு செய்யப் போகிறீர்களா? இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆய்வில் சேர்ந்து, கார்பன் நானோகுழாய் (சிஎன்டி) சேர்த்த என் முதல் காயின் செல் (பொத்தான் வடிவச் சோதனை பேட்டரி) நம்பும்படி ஓடியபோது பதினோரு மாதம் கழிந்திருந்தது. அதில் உண்மையான ஆய்வுக்குப் போனது மூன்று மாதம்கூட இருக்காது. மீதி மாதங்கள், தவறான பவுடர் வாங்கியது, கொட்டேஷன் திரும்பி வந்தது, சைக்கிளர் (செல்லை மாறி மாறி சார்ஜ், டிஸ்சார்ஜ் செய்து அளக்கும் கருவி) சேனலுக்குக் காத்திருந்தது என்று போய்விட்டன. இப்போது எங்கள் ஆய்வகத்துக்கு வரும் புதியவர்களும் அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் எடுத்துக்கொள்வது ஒரே ஓர் உதாரணம்: எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) கேதோடு, அதாவது நேர்மின்முனை; துகள்களை ஒட்டவைக்கும் பிவிடிஎஃப் பைண்டர்; அதைக் கரைக்கும் என்எம்பி கரைப்பான்; சிஆர்2032 அளவு காயின் செல். எல்எஃப்பி தானாக மின்சாரம் கடத்துவது மிகவும் குறைவு. அதனால் கடத்தும் கார்பனை மாற்றினால் விளைவு உடனே தெரியும். நிக்கல் மிகுந்த என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் ஆக்சைடு) கேதோடு போலக் காற்றின் ஈரத்துக்கு அவ்வளவு முரண்டு பிடிக்காது. தொடங்குபவர்களுக்கு ஏற்றது.

ஒன்றை மட்டும் மனதில் இருத்திக்கொள்ளுங்கள். சூப்பர் பி போன்ற கார்பன் பிளாக் (வழக்கமாகச் சேர்க்கும் கடத்தும் கரித்தூள்) உதிரிப்பூ மாதிரி. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் மின்சாரம் போகும், அதனால் நிறைய வேண்டும். சிஎன்டி என்பது நார். கொஞ்சம் இருந்தாலே தொடுத்துவிடும். ஆனால் நார் சிக்கலாக உருண்டு கிடந்தால் ஒரு பூவைக்கூடத் தொடுக்க முடியாது. சிஎன்டி வேலையில் முக்கால்வாசி அந்தச் சிக்கலை எடுப்பதுதான்.

1. வாங்கும் முன் தாளில் கணக்குப் போடுங்கள்

குறைந்தது மூன்று கலவைகள் வேண்டும். எல்லாம் எடைச் சதவீதம்:

கலவை அ: எல்எஃப்பி 90, சூப்பர் பி 5, பிவிடிஎஃப் 5.
கலவை ஆ: எல்எஃப்பி 90, சூப்பர் பி 4, சிஎன்டி 1, பிவிடிஎஃப் 5.
கலவை இ: எல்எஃப்பி 94, சிஎன்டி 1, பிவிடிஎஃப் 5.

அ, ஆ இரண்டிலும் மொத்தக் கார்பன் ஒன்றே. அதனால் சிஎன்டி என்ன செய்தது என்று தெளிவாகச் சொல்லலாம். கலவை இ-யில் கார்பனைக் குறைத்து, அந்த இடத்தில் எல்எஃப்பியை நிரப்புகிறோம். தொழிற்சாலைகள் சிஎன்டியை விரும்புவதற்குக் காரணமே இதுதான். நேராக இ-க்குத் தாவி, அ-வோடு ஒப்பிட்டு டாக்டோரல் கமிட்டியில் காட்டினால், "மாறியது எது, கார்பனின் வகையா, அளவா?" என்று கேட்பார்கள். என்னிடம் கேட்டார்கள். பதில் இல்லை.

இப்போது அளவுக்கு வருவோம். ஒரு தடவைக்கு 2 கிராம் திடப்பொருள் போதும். அதில் 1 சதவீதம் சிஎன்டி என்றால் 20 மில்லிகிராம். 5 கிராம் டப்பா ஒன்று 250 தடவைக்கு வரும். எனவே "கிராமுக்கு விலை குறைவு" என்று 100 கிராம் மலிவுப் பவுடர் வாங்காதீர்கள். அதே பணத்துக்கு 5 கிராம் நல்ல சரக்கு வாங்குங்கள். உங்கள் நிதியைத் தின்னப்போவது சிஎன்டி அல்ல. லித்தியம் சில்லு, செப்பரேட்டர் (இரு முனைகளைப் பிரிக்கும் தாள்), எலக்ட்ரோலைட், செல் உறை, வெளியில் செய்யும் டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி), ஐசிபி (உலோக அளவு) சோதனை ஆகியவைதான். பட்ஜெட்டில் முதலில் அவற்றை எழுதுங்கள்.

சிங்கிள்வாலா (ஒற்றைச் சுவர்க் குழாய்), மல்டிவாலா (பல சுவர்க் குழாய்) என்ற கேள்விக்கு, முதல் ஆண்டு மல்டிவால் போதும் என்பது என் கருத்து. சிங்கிள்வால் 0.1 சதவீதத்திலேயே வேலை செய்யக்கூடியது. ஆனால் விலை பல மடங்கு, பிரிப்பதும் கடினம். மல்டிவாலில் கை பழகிய பிறகு போங்கள்.

2. விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

நான் மிகவும் அடிபட்ட இடம் இது. நான் வாங்கிய முதல் பவுடரின் லேபிளில் "தூய்மை 95 சதவீதம்" என்று இருந்தது. மீதி 5 சதவீதம் என்ன என்று நான் கேட்கவில்லை. அது சிஎன்டி வளர்க்கப் பயன்படுத்திய இரும்பு வினையூக்கி.

கேதோடில் இரும்பு இருந்தால் என்ன ஆகும்? உலோக இரும்பு லித்தியத்துக்கு எதிராக ஏறத்தாழ 2.6 வோல்ட்டுக்கு மேல் கரையத் தொடங்கும். நிக்கலும் கோபால்ட்டும் 2.8 வோல்ட்டை ஒட்டி. எல்எஃப்பி வேலை செய்வதே 3.4 வோல்ட்டில். ஆக, அந்த உலோகம் கரைந்து, எலக்ட்ரோலைட்டில் நகர்ந்து, எதிர்மின்முனையான ஆனோடில் போய்ப் படியும். படிந்தது வளர்ந்து செப்பரேட்டரைத் துளைத்தால் உள்ளுக்குள்ளேயே சிறு ஷார்ட் ஆகும். லித்தியம் உலோகம் வைத்த அரைச்செல்லில் இது சட்டென்று தெரியாது. கிராஃபைட் வைத்து முழுச்செல் கட்டி, சார்ஜ் ஏற்றி ஓய்வில் வைத்தபோது வோல்ட்டேஜ் நாளுக்கு நாள் இறங்கியது. அதற்குள் நான்கு மாதம் போய்விட்டது.

ஆகவே, பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

— அந்த லாட்டுக்கே உரிய பகுப்பாய்வுச் சான்றிதழ். "வழக்கமான மதிப்புகள்" என்று பொதுவாக அச்சிட்ட தாள் போதாது. சான்றிதழில் இருக்கும் லாட் எண் டப்பாவிலும் இருக்க வேண்டும்.

— காற்றில் எடுத்த டிஜிஏ (சூடேற்றியபடி எடை குறைவதை அளக்கும் சோதனை) வரைபடம். கார்பன் எல்லாம் எரிந்த பிறகு மிஞ்சுவது உலோக ஆக்சைடு. அது ஃபெரிக் ஆக்சைடு என்றால் 0.7 ஆல் பெருக்குங்கள், இரும்பு கிடைக்கும். 7 சதவீதம் மிஞ்சினால் 4.9 சதவீதம் இரும்பு. அந்தச் சிஎன்டியை 1 சதவீதம் சேர்த்தால் எலக்ட்ரோடில் 490 பிபிஎம் (பத்து லட்சத்தில் 490 பங்கு) இரும்பு போய்விடும். பேட்டரி கிரேடு விற்பவர்கள் உலோகத்தைப் பிபிஎம் கணக்கில்தான் சொல்வார்கள். சதவீதத்தில் சொன்னாலே அது வேறு வேலைக்கான பவுடர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

— ராமன் நிறமாலை. 1350 செ.மீ⁻¹-ஐ ஒட்டிய டி பேண்ட் குறைபாட்டையும், 1580-ஐ ஒட்டிய ஜி பேண்ட் ஒழுங்கையும் காட்டும். இரண்டின் விகிதத்தை நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் வேண்டும்.

— பாதுகாப்புத் தரவுத் தாள். இது இல்லாமல் பல இடங்களில் ஸ்டோர்ஸ் பொருளை உள்ளே எடுக்காது.

அமிலத்தில் கழுவி நானே சுத்தம் செய்துகொள்கிறேன் என்று சிலர் இறங்குகிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளியே தெரியும் இரும்பை எடுக்கும். கார்பன் உறைக்குள் மூடிக்கிடக்கும் இரும்பைத் தொடாது. நைட்ரிக் அமிலம் அந்த உறையைத் திறக்கும், கூடவே குழாயின் சுவரையும் அரிக்கும். பிறகு கழுவும் நீர் நடுநிலைக்கு வரும்வரை வடிகட்டியோடு இரண்டு மூன்று நாள் உட்கார வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் செய்யுங்கள்.

3. இன்டென்ட், கொட்டேஷன், மார்ச் 31

இந்தியாவில் அரசு நிதியில் வாங்குபவர்களுக்கு இந்தப் பகுதி. வெளிநாட்டில் படிப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

மூன்று கொட்டேஷன் தேவைப்படும் தொகையா, நேரடியாக வாங்கலாமா என்பதைப் பர்ச்சேஸ் செக்ஷனில் போய்க் கேளுங்கள். வரம்பு அவ்வப்போது மாறுகிறது, நிறுவனத்துக்கு நிறுவனமும் மாறும். சீனியர் சொன்ன பழைய தொகையை நம்பாதீர்கள். அரசுக் கொள்முதல் தளமான ஜெம்மில் அந்தப் பொருள் இல்லை என்ற சான்று கேட்டால் அதை முதலிலேயே எடுத்து இணைத்துவிடுங்கள். ஒரே ஒருவரிடம்தான் கிடைக்கும் என்றால் தனியுரிமைப் பொருள் சான்றிதழில் கைடு கையெழுத்திட வேண்டியிருக்கும்.

கொட்டேஷனில் பாருங்கள்: செல்லுபடியாகும் தேதி, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, ஷிப்பிங், முன்பணம் வேண்டுமா. என் முதல் கொட்டேஷனில் ஜிஎஸ்டி தனி. ஒப்புதல் வந்த தொகை போதாமல் ஃபைல் திரும்பியது, ஐந்து வாரம் வீண். கொட்டேஷன் முப்பது நாளில் காலாவதியாகி, ஃபைல் நாற்பதாவது நாளில் நகர்வதும் நடக்கும். 90 நாள் செல்லுபடி போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தருவார்கள்.

எலக்ட்ரோலைட் தீப்பற்றும் திரவம். லித்தியம் உலோகம் தண்ணீர் பட்டால் வினைபுரியும் பொருள். இரண்டும் ஆபத்தான சரக்கு என்ற வகையில் வருவதால் சாதாரணக் கூரியரில் வராது. சிஎன்டி பத்து நாளில் வந்து, எலக்ட்ரோலைட் மூன்று மாதம் கழித்து வந்தது எனக்கு. அந்த இரண்டுக்கும் முதலில் இன்டென்ட் போடுங்கள், சிஎன்டிக்குக் கடைசியில் போடலாம்.

நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஜனவரிக்குப் பிறகு போடும் இன்டென்ட் பொருளாக மாறி, பில்லாகி, அதற்குள் பணமும் போவது கடினம். இறக்குமதி என்றால் செப்டம்பருக்குள் போட்டுவிடுங்கள்.

4. டப்பாவைத் திறக்கும் முன்

சிஎன்டி பவுடர் இலவம்பஞ்சு மாதிரி லேசானது. நிலைமின்னால் கையுறையிலும் ஸ்பாட்டுலாவிலும் ஒட்டிக்கொள்ளும். மூடியைத் திருகும்போதே கரும்புகை போல மேலே எழும். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். ஏசி காற்று படும் மேஜையில் எடை போடாதீர்கள்.

மல்டிவால் வகைகளில் ஒன்றை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2014-இல் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் சேர்த்தது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியும் அளவு பறந்தாலே அது இந்த வரம்பை எங்கோ தாண்டியிருக்கும். துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எல்லாம் உதவாது, என்95 வேண்டும். காலிக் குப்பியை எடை போட்டு, ஃபியூம் ஹூட்டுக்குள் பவுடரை இட்டு, அங்கேயே மூடி, மறுபடி எடை போடுங்கள். பிறகு உடனே கரைப்பான் ஊற்றி நனைத்துவிடுங்கள். நனைந்த சிஎன்டி பறக்காது.

என்எம்பி கருவைப் பாதிக்கக்கூடிய கரைப்பான். மெல்லிய நைட்ரைல் கையுறை வழியாக விரைவில் ஊடுருவிவிடும். பியூட்டைல் கையுறை வாங்கித் தரச் சொல்லிக் கைடிடம் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

5. சிக்கலை எடுப்பது

பவுடரை அப்படியே கல்வத்தில் எல்எஃப்பியோடு அரைத்தால் போதும் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. நானும் அதைத்தான் செய்தேன். சிஎன்டி போட்ட செல், போடாததைவிடக் குறைவான கொள்திறன் காட்டியது. இரண்டு முறை திரும்பச் செய்தும் அதே கதை.

எங்கள் சீனியர் அக்கா ஒருவர் என் ஸ்லரியில் (ஃபாயிலில் பூசும் குழம்பு) ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடிச் சில்லில் வைத்து, இன்னொரு சில்லால் அழுத்தித் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "தம்பி, இது பிரியவே இல்ல. மிளகுத்தூள் தூவின மாதிரி இருக்கு பாரு" என்றார். சாம்பல் படலத்தில் கருப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஆயிரக்கணக்கான குழாய்கள் சிக்கிய ஒரு உருண்டை. அந்த உருண்டைகள் மின்சாரத்துக்கு வழி போடவில்லை, படலத்தில் மேடுபள்ளம்தான் உண்டாக்கின. இன்றைக்கும் எந்த ஸ்லரியையும் இந்தச் சோதனை செய்யாமல் நான் கோட் பண்ணுவதில்லை. செலவு ஒன்றுமில்லை, இரண்டு நிமிடம்.

எளிய வழி, என்எம்பியில் ஏற்கெனவே பிரித்து வைத்த சிஎன்டி பேஸ்ட்டை வாங்குவது. தொழிற்சாலைகள் செய்வதும் அதுதான். கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதில் என்ன டிஸ்பர்சென்ட் (குழாய்களைப் பிரித்து வைக்கும் பொருள்), எத்தனை சதவீதம் என்று கேட்டு, உங்கள் கலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நீங்களே பிரிப்பதானால்:

டிஸ்பர்சென்டான பிவிபியை என்எம்பியில் முதலில் முழுதாகக் கரையுங்கள். சிஎன்டி ஐந்து பங்கு என்றால் பிவிபி ஒரு பங்கில் தொடங்கலாம். பிறகு சிஎன்டியைச் சேர்த்து ஓர் இரவு ஸ்டிர்ரரில் விடுங்கள். மறுநாள் புரோப் சோனிகேட்டர் (திரவத்துக்குள் முனையை விட்டு மீயொலியால் அதிரவைக்கும் கருவி). பீக்கரை ஐஸ் தட்டில் வைத்து, இரண்டு விநாடி ஓட்டம் இரண்டு விநாடி ஓய்வு என்ற பல்ஸ் முறையில், பத்துப் பத்து நிமிடமாகச் செய்யுங்கள். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பாருங்கள். புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். எனக்கு நிகர நேரம் முப்பது நிமிடத்தில் முடிந்தது. உங்கள் கருவிக்கு வேறாக இருக்கலாம்.

கூடுதலாக ஓட்டினால் இன்னும் நன்றாகப் பிரியும் என்று நினைக்காதீர்கள். குழாய்கள் ஒடிந்து குட்டையாகும், நார் துண்டு துண்டாகிவிட்டால் தொடுக்க முடியாது. என்எம்பியும் சூடேறிச் சிதைந்து மஞ்சளாகும். புரோப் முனையிலிருந்து டைட்டானியம் உதிர்ந்து கலக்கவும் செய்யும். முன்பு குறித்து வைத்த ராமன் விகிதத்தை இப்போது மறுபடி எடுத்துப் பாருங்கள். டி பேண்ட் தெளிவாக உயர்ந்திருந்தால் அளவுக்கு மீறி ஓட்டிவிட்டீர்கள்.

பாத் சோனிகேட்டர் (தொட்டி வகை) மட்டும்தான் இருக்கிறது என்றால் மல்டிவாலுக்கே முழுதாகப் பிரிவது கடினம். பக்கத்துத் துறையில் புரோப் கேளுங்கள். ஐ-ஸ்டெம் தளத்தில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது, கட்டணம் என்ன என்று பார்க்கலாம்.

6. ஸ்லரியும் கோட்டிங்கும்

சிஎன்டி திரவமாக வருவதால் அதோடு நிறைய என்எம்பியும் வந்து சேரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2 கிராம் கலவை ஆ-வுக்கு 20 மில்லிகிராம் சிஎன்டி வேண்டும். உங்கள் கரைசல் 1 சதவீதம் என்றால் 2 கிராம் ஊற்ற வேண்டும், 0.5 சதவீதம் என்றால் 4 கிராம். பிவிடிஎஃப்பை 10 சதவீதக் கரைசலாக 1 கிராம் சேர்த்தால், முதல் கணக்கில் ஸ்லரியின் திடப்பொருள் 41 சதவீதம் வரும். இரண்டாவதில் 29 சதவீதத்துக்கு இறங்கி, தண்ணீராக ஓடும். தண்ணியான ஸ்லரி காயும்போது பைண்டர் மேலே ஏறிவிடும், அடியில் ஃபாயிலோடு பிடிப்பு இருக்காது. வெட்டும்போதே உரிந்து வரும். எனவே சிஎன்டி கரைசலை 1 சதவீதத்துக்குக் கீழே செய்யாதீர்கள், பிவிடிஎஃப்பையும் கெட்டிக் கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமினிய ஃபாயிலை அசிட்டோனில் துடைத்து, டாக்டர் பிளேடு (பூச்சைச் சீராக இழுக்கும் கத்தி) இடைவெளி 150 முதல் 200 மைக்ரானில் தொடங்குங்கள். 80 டிகிரியில் ஈரம் போகும்வரை காயவிட்டு, பிறகு வெற்றிட அடுப்பில் 120 டிகிரியில் ஓர் இரவு. என்எம்பியின் கொதிநிலை 202 டிகிரி, அவ்வளவு எளிதில் போகாது. அவசரப்பட்டு எடுத்தால் மிச்சம், செல் கட்டும் காற்றுப் புகாப் பெட்டியான குளோவ் பாக்ஸுக்குள் வரும். ஒரு கலவைக்குச் சாதா ஃபாயில், இன்னொன்றுக்குக் கார்பன் பூசிய ஃபாயில் என்று கலந்துவிடாதீர்கள், ஒப்பீடே செல்லாமல் போகும்.

7. எடை

வெறும் ஃபாயிலில் பத்து வட்டம் வெட்டி எடை போட்டுச் சராசரி எடுங்கள். 15 மைக்ரான் அலுமினியத்தில் 12 மில்லிமீட்டர் வட்டம் ஏறத்தாழ 4.6 மில்லிகிராம் வரும். கோட் செய்த வட்டம் 9.6 என்றால் பூச்சு 5.0, அதில் எல்எஃப்பி 90 சதவீதம், அதாவது 4.5 மில்லிகிராம். எல்எஃப்பியின் கோட்பாட்டுக் கொள்திறன் கிராமுக்கு 170 மில்லிஆம்பியர் மணி. ஆக, செல்லின் கொள்திறன் 0.765 மில்லிஆம்பியர் மணி. சி/10-க்கு, அதாவது பத்து மணி நேரத்தில் முழு சார்ஜ் ஆகும் வேகத்துக்கு, 76 மைக்ரோஆம்பியர் போட வேண்டும். 0.1 மில்லிகிராம் தராசில் எடுத்தால் இந்தப் பூச்சில் ஒவ்வொரு எடையிலும் 2 சதவீதம் தவறு நுழைந்துவிடும். 0.01 காட்டும் தராசு எங்கே இருக்கிறதோ அங்கே போய் எடுங்கள்.

பூச்சு எவ்வளவு கனம் என்பதும் முக்கியம். சதுர சென்டிமீட்டருக்கு 1, 2 மில்லிகிராம் என்று மெல்லிசாகப் பூசினால் சூப்பர் பி போட்டதும் நன்றாகவே ஓடும், சிஎன்டியின் வித்தியாசம் தெரியாது. மேலே சொன்ன வட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு எல்எஃப்பி 4 மில்லிகிராம் வருகிறது. அதற்குக் குறையாமல் செய்யுங்கள்.

8. செல் கட்டுவது

ஆர்கான் நிரப்பிய குளோவ் பாக்ஸ், நீரும் ஆக்சிஜனும் 1 பிபிஎம்முக்குள். நைட்ரஜன் கூடாது, லித்தியம் அதோடு வினைபுரியும். எலக்ட்ரோலைட்டின் அளவு எல்லாச் செல்லிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒவ்வொரு கலவைக்கும் மூன்று செல், அதாவது ஒன்பது. கட்டியவுடன் மல்டிமீட்டரில் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட், அதைச் சைக்கிளரில் போட்டு சேனலை வீணாக்காதீர்கள்.

9. சைக்கிளர் நேரத்தை முன்பே கேட்டு வையுங்கள்

சி/10-இல் 3 சுற்று 60 மணி நேரம். சி/5-இல் 5 சுற்று 50. சி/2, 1சி, 2சி, 5சி ஒவ்வொன்றிலும் ஐந்து சுற்று, சேர்ந்து 37. பிறகு மறுபடி சி/10-இல் 3 சுற்று, 60. மொத்தம் 207 மணி, ஒன்பது நாளுக்குச் சற்றுக் குறைவு. இது ஒரு செல்லுக்கு. உங்களுக்குக் கிடைப்பது மூன்று சேனல் என்றால் ஒன்பது செல்லுக்கு ஏறக்குறைய ஒரு மாதம். அதன்பின் 1சி-இல் 200 சுற்று ஆயுள் சோதனைக்கு ஒரு செல்லுக்கு இன்னொரு 17 நாள். டாக்டோரல் கமிட்டி தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, மூன்று மாதம் முன்பே சேனல் பதிவேட்டில் பெயர் எழுதிவிடுங்கள். இடையில் மின்வெட்டு வந்தால் யுபிஎஸ் தாங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. முடிவைப் படிப்பது

கொள்திறன் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே வேகத்தில் சார்ஜ் கோட்டுக்கும் டிஸ்சார்ஜ் கோட்டுக்கும் நடுவில் உள்ள வோல்ட்டேஜ் இடைவெளியைப் பாருங்கள். சிஎன்டி நன்றாகப் பிரிந்திருந்தால் 1சி, 2சி-இல் அந்த இடைவெளி கலவை அ-வைவிடச் சுருங்கியிருக்கும். சுருங்கவில்லை என்றால் முதலில் கண்ணாடிச் சில்லுச் சோதனைக்குத் திரும்புங்கள்.

பிரிந்திருக்கிறது, கனமான பூச்சிலும் வித்தியாசம் இல்லை என்றால், தடை எலக்ட்ரானில் இல்லை, அயனியில் இருக்கலாம். சிஎன்டியை 1-இலிருந்து 3 சதவீதமாக ஏற்றினால் அது சரியாகாது. ஸ்லரி கெட்டியாகி இன்னும் மோசமாகும். பூச்சை அழுத்தும் அளவையும் அதன் துளைமையையும் மாற்றிப் பாருங்கள்.

இதே சிஎன்டியைக் கிராஃபைட் அல்லது சிலிக்கன் ஆனோடுக்குக் கொண்டு போவதானால் கணக்கு மாறும். அங்கே கரைப்பான் தண்ணீர், பைண்டர் சிஎம்சியும் எஸ்பிஆரும். சிஎன்டியின் பரப்பளவு அதிகம் என்பதால் முதல் சார்ஜிலேயே அதன்மேல் படலம் உருவாகி லித்தியத்தைத் தின்னும். கேதோடில் 1 சதவீதம் போட்ட கையோடு ஆனோடிலும் போடாமல், அங்கே 0.1-இல் தொடங்கி மேலே வாருங்கள்.